மதிலுக்கு ஒரு வினைச்சொல்

என் கையெழுத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொத்துக்கரண்டி பிடித்துப் பழகிய விரலுக்குப் பேனா ரொம்ப ஒல்லியாக இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிகிறது. ல, ள, ழ மூன்றும் வாயில் சரியாக வரும், தாளில் இடம் மாறிவிடும். மகளிடம் கொடுத்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் இதில் அவளும் வருகிறாள். அவள் கையில் கொடுத்தால் தன்னைப் பற்றிய இடங்களை வெட்டிவிடுவாள். அதனால் பிழையோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொத்தனார். தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவில் ஓர் ஊரில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வீட்டில் நானும் மனைவியும் மகளும் இருக்கிறோம். எங்கள் வீட்டை மறைத்துக்கொண்டு முன்னால் பெரியப்பா மகனுடைய வீடு இருக்கிறது. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எங்களுக்குப் பின்னால் சானல், அதாவது பாசனத் தண்ணீர் போகிற கால்வாய். கிழக்கே குளம். மேற்கே வேறொருவருடைய ரப்பர் மரம் நிற்கிற விளை, கம்பிவேலி போட்டது. ரோட்டுக்குப் போக வேண்டுமானால் அண்ணனுடைய முற்றத்தில் இறங்கித்தான் போக வேண்டும்.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது வழி என்று தனியாக எதையும் ஒதுக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் முற்றத்தில் ஒருவர் நடப்பதற்குத் தனி வழி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அநேகம் குடும்பங்கள் இப்படித்தான் நினைத்தன. அந்த நினைப்புதான் இப்போது கோர்ட்டு கோர்ட்டாகக் கிடக்கிறது.

அண்ணன் வெகுகாலம் கல்ஃபில் இருந்தார். அவர் இல்லாத காலம் முழுவதும் நாங்கள் அந்த முற்றத்தில் நடந்தோம். ஒரு கேள்வியும் வந்ததில்லை. பிறகு அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து, பழைய ஓட்டு வீட்டை இடித்து இரண்டு மாடி வைத்தார். வீடு முடிந்ததும் மதில் வேண்டும் என்றார். ஒருநாள் காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டு அவர் முற்றத்தைக் கடக்கும்போது கூப்பிட்டார்.

"ஏலே, நாலு பக்கமும் மதிலு கெட்டணும். நீதான் கெட்டணும், கேட்டியா? வீட்டுல ஒரு கொத்தனாரு இருக்கும்ப வெளிய ஆளு கூப்பிட்டா நாலுபேரு என்ன சொல்லுவாவ?"

நான் தலையை ஆட்டினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல வராது. அது மட்டுமில்லை, எதையும் கேட்கவும் வராது. பஸ்ஸில் கண்டக்டர் மீதிக் காசு கொடுக்க மறந்தால் மறந்ததுதான். அன்று மாலை மனைவி கேட்டாள்.

"அப்பம் நம்ம வழி?"

"அண்ணன் விடாம இருப்பாரா."

"விடுவேன்னு சொன்னாவளா?"

"சொல்லல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

நான் கைகால் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் ஊரில் அதிர் மதில் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அதிர் என்றால் எல்லை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நிற்க வேண்டும். கொத்தனார் ஒரு மூலையில் அடித்த குற்றியிலிருந்து அடுத்த மூலைக் குற்றிக்கு நூல் இழுத்துக் கட்டுவார். அந்த நூலை இரண்டு பக்கத்தாரும் பார்ப்பார்கள். யாருக்காவது சொல்ல இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். மண்வெட்டி விழுந்தபிறகு சொல்கிறவனிடம், நூல் பிடிக்கும்போது நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு இல்லை. எத்தனையோ பேருடைய அதிரில் நான் நூல் பிடித்திருக்கிறேன். அடிதடி ஆகிற இடத்தில் நூலை அப்படியே கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றிருக்கிறேன். எனக்கு அந்த முறை நன்றாகத் தெரியும்.

அண்ணன் நாள் பார்த்து, ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார். அவருடைய பூமிக்கும் என்னுடைய பூமிக்கும் நடுவே நூல் கட்ட வேண்டியது என் வேலை. நூலின் ஒரு தலையைக் குற்றியில் சுற்றிவிட்டு, மறு தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களில் வயதான ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பக்கத்துக்காரன் எங்க? அவன் வரல்லியா?"

அண்ணன் சொன்னார். "அவன்தான நூலு புடிச்சிட்டு நிக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூலை இழுத்துக் கட்டினேன். கொஞ்சங்கூடத் தொய்வு இல்லாத கட்டு.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. என் கையால் நானே அதிரைப் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்துக்காரன் சம்மதித்தான் என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது.

இனி அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும். மகள் இங்கிலீஷில் எம்.ஏ. முடித்தவள். காலேஜில் வாத்தியார் வேலைக்கு எழுதுகிற பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு அகராதி வைத்திருக்கிறாள். அது தினமும் ஒரு சொல் சொல்லும். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, சிமெண்டுச் சாக்கைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அர்த்தம் தெரியாது. மதில் முழங்கால் உயரம் வந்திருந்த ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.

"இம்யூர்," என்றாள் மகள், கிணற்றடியிலிருந்து. "இம்யூர். இம்யூர்."

"என்ன மக்கா அது? பூனையக் கூப்பிடுக மாதிரி இருக்கு."

"சொல்லாக்கும் அப்பா. மதிலுக்குள்ள அடைக்கது."

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். "என்னத்த அடைக்கது?"

"ஆள."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அன்றைக்குப் போன் காட்டிய சொல் அது. ஆனால் அடுக்களையில் நின்ற மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"ஏட்டி, இன்னொருக்க சொல்லு. அப்பாவுக்குக் கேக்கட்டு."

மகள் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். லத்தீன் என்று ஒரு பழைய பாஷையில் முரஸ் என்றால் மதில். அதிலிருந்து வந்ததாம். பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்களாம். லண்டனில் போய்க் கடையில் நின்று சொன்னால்கூடப் பாதிப் பேருக்குப் புரியாதாம். புத்தகத்தில் எழுதுகிறவர்கள் எப்போதாவது எடுப்பார்களாம், கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற பட்டுச்சேலை மாதிரி. எனக்கு அது விளங்கவில்லை. அடைப்பதைச் சொல்ல எதற்குப் பட்டுச்சேலை?

"நம்ம ஆட்டக் கூட்டுல அடைச்சா அதுக்குச் சொல்லலாமா?"

"சொன்னா சிரிப்பாவ. ஆடு காலம்பற வெளிய வரும்லா? இது அப்பிடி இல்ல. உள்ள போனா இப்பத்துக்கு வெளிய வர முடியாதுன்னு இருக்கணும்."

"ஜெயிலு?"

"ஜெயிலுக்குச் சொல்லலாம். ஆனா கேஸுல எழுதுக சொல்லு வேற. இது ரொம்ப நாளு, நெருக்கமா, மதிலு நாலுபக்கமும் வந்து நிக்க மாதிரி. ஒரு ராணிய ராஜா கோட்டையில இம்யூர் பண்ணினாருன்னு எழுதுவாவ."

"அப்பம் கோட்டையக் கெட்டுன கொத்தனாரு?"

அவள் யோசித்தாள். "அவன் கணக்குல வரமாட்டான். கெட்டச் சொன்னது ராஜாதான. ராஜா இம்யூர் பண்ணினாருன்னுதான் வரும்."

"ராஜா ஒரு கல்லத் தூக்கி வச்சிருப்பாரா?"

"வச்சிருக்க மாட்டாரு," என்று மகள் சிரித்தாள். "பழைய காலத்துல ஆள நிறுத்தி வச்சு சுத்திலும் கெட்டிப் பூசிருவாவளாம். அதுக்கும் இதே சொல்லுதான்."

மனைவி சொன்னாள். "அதெல்லாம் பழைய காலத்துல மட்டும் இல்ல. இப்பமும் நடக்கு. ஒரு வித்தியாசம், இங்க நிறுத்தி வச்ச ஆளே கரண்டியும் எடுத்துக் குடுக்காரு."

அன்று நான் சோற்றை மிச்சம் வைத்தேன்.

அதன்பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. வேலை செய்யும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கலவையை வைக்கிற இடமெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மதிலுக்குள் நான் எதையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். உடைந்த ஓடு, குப்பிச்சில்லு. ஒரு தடவை என்னுடைய வெற்றிலைப் பொட்டணம், எடுக்க மறந்து கல் வைத்துவிட்டேன். ஒரு வீட்டில் ஹாலோபிளாக் ஓட்டைக்குள் ஓணான் ஒன்று போவதைப் பார்த்து, வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அன்றைக்கு மேஸ்திரி திட்டினார். பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அது எப்போதோ மறுபக்கமாகப் போயிருந்தது. மகளிடம் கேட்டேன். சாமான்களுக்கும் அந்தச் சொல் வரும், ஆனால் ஆளுக்குச் சொல்லும்போதுதான் அதற்குக் கனம் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அடைக்கிறவர் எப்போதும் வேறு ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளலாம். கதவைச் சாத்திக்கொண்டு புத்தகமும் தானுமாகக் கிடக்கிறவனுக்கும் இதைச் சொல்லலாம்.

அதைக் கேட்டதும் ஒரு மடம் ஞாபகம் வந்தது. வெளியே வராத கன்னியாஸ்திரிகள் இருக்கிற மடம். அங்கே சுற்றுமதில் ஓரிடத்தில் மழையில் சரிந்துவிட்டது, சரிசெய்யப் போயிருந்தேன். கம்பி அழிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சிஸ்டர் பேசினார். முகம் பாதிதான் தெரிந்தது. மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று கேட்டார். ரோட்டில் போகிற லாரிச் சத்தம் ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். கேட்கும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு அன்று முழுவதும் ஆச்சரியமாக இருந்தது. மதில் உயர வேண்டும் என்று உள்ளே இருக்கிறவரே கேட்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டு. உயர்த்திக் கொடுத்தேன். பழச்சாறு தந்தார்கள்.

மகளிடம் அதைச் சொன்னபோது, "அது அவிய கேட்டு வாங்குனது அப்பா," என்றாள். "நீங்க கேட்டீங்களா?"

இவளும் அம்மா கேட்டதையே கேட்கிறாளே என்று நினைத்தேன்.

மதில் இடுப்பு தாண்டிக் கழுத்து வரை வந்தது. கிழக்கு மூலையில், குளத்தை ஒட்டி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தேன். யாரும் விடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாமான் கொண்டுபோக வசதி என்று அண்ணன் நினைத்திருப்பார். நாங்கள் அந்த இடைவெளி வழியாக அவருடைய முற்றத்தில் ஏறி, ரோட்டில் புதிதாக வைத்த பெரிய கேட் வழியாக வெளியே போனோம். கேட்டுக்குப் பூட்டு வந்தது. அண்ணன் வீட்டார் எங்காவது போனால் நாங்கள் உள்ளே. அவர்கள் திரும்பி வருமுன் நாங்கள் வந்துவிட்டால் வெளியே. ஒருநாள் மகள் டியூஷன் எடுத்துவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே மழையில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்து நான் பார்க்கிறேன். நடுவில் நான் கட்டிய மதில். குடையை மேலே வீசிப் போட்டேன்.

அதற்கடுத்து அக்கம்பக்கத்தில் எங்கோ ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டு மைனி பயந்துவிட்டார். மைனி என்றால் அண்ணன் மனைவி. கேமரா வைத்தார்கள். அப்புறம் அண்ணன் ஒரு காலையில் மூலைக்கு வந்து நின்று அந்த இடைவெளியைக் காட்டினார்.

"மக்கா, இத அடைச்சிரு. எல்லா மதிலும் கெட்டி இத விட்டா கெட்டுனதுக்கு அர்த்தம் இல்லல்லா?"

என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அவரே தொடர்ந்தார்.

"ஒங்களுக்குப் பின்னால சானல்கரை கெடக்கு. ரெண்டு தெங்கு வெட்டிப் போட்டா பாலம். அந்தால போவலாம். கெவர்மெண்டு எடம், ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

சானலில் தண்ணீர் விடுகிற மாதங்களில் அந்தக் கரை வழுக்கும். அந்தப் பக்கம் ஏறினால் அதுவும் வேறொருவருடைய ரப்பர் விளைதான், அங்கேயும் வேலி. இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும், சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலியில் சட்டை கிழித்தவர்கள்தான். தலை தானாக ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னைக்கு அந்த வழி போச்சுன்னா இந்த வீட்டுக்கு ஒரு கார் வராது, ஆட்டோ வராது. இவளப் பாக்க ஒருத்தரும் வர மாட்டாவ. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா தூக்கிட்டு எங்கோடி போவீங்க? சானல்ல மிதக்க விடுவீங்களா? நான் ஒங்கள ஒண்ணும் சண்டைக்குப் போவச் சொல்லல்ல. ஒரு வார்த்த. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்த."

மகள் புத்தகத்தை மூடி வைத்திருந்தாள். அன்று அவள் சொல் எதுவும் சொல்லவில்லை.

காலையில் வேலைக்கான சாமானெல்லாம் அண்ணன் முற்றத்தில் இருந்தன. மணல், சிமெண்டு, கல், சட்டி எல்லாம் அங்கே. நான் இடைவெளி வழியாக அந்தப் பக்கம் போய்க் கலவை குழைத்தேன். அடிவரிசைக் கல்லைத் தூக்கி வைத்தேன். மட்டம் பார்த்தேன். அடுத்த வரிசை. கல் முழங்காலுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். இடைவெளிக்கு அப்பால் என் வீடு தெரிந்தது. கொடியில் என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உண்மையாகவே வேலைச் சந்தேகம்தான். கையில் கரண்டியோடு நின்று கொஞ்சநேரம் யோசித்தேன், பிடி கிடைக்கவில்லை. அண்ணன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"அண்ணே."

"என்னலே, சிமெண்டு தீந்து போச்சா?"

"இல்ல. நான் எந்தப் பக்கம் நின்னு கெட்டணும்?"

"என்ன, எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் நின்னு கெட்டி முடிச்சா எனக்கு வீட்டுக்குப் போவ முடியாது. அந்தப் பக்கம் நின்னு கெட்டி முடிச்சா நாளைக்குப் பூசுகதுக்கு இஞ்ச வர முடியாது."

நான் அவரைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு நிஜமாகத் தெரியவில்லை. அடுக்களை ஜன்னலில் மைனி சிரிப்பது கேட்டது.

"செரியாத்தான கேக்கான்," என்றார் மைனி. "பதிலு சொல்லுங்க."

அண்ணன் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அவர் முகம் சிவந்திருந்தது. என் மேல் கோபமா வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இத நூலு புடிச்ச அன்னைக்குக் கேக்க மாட்டியா? ஊருல உள்ளவனெல்லாம் வந்து நின்னானே."

"அன்னைக்குத் தோணல்ல அண்ணே."

அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கலவைச் சட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். குழைத்த கலவை காய்ந்து கட்டியாகிவிட்டது. அதை வாரிக் கொட்டவும் மனமில்லை. உள்ளே அவரும் மைனியும் பேசுவது கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. இடைவெளிக்கு அப்பால் என் மனைவி வந்து நின்றாள். என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று கையைக் காட்டினேன்.

மத்தியானம் கழிந்து அண்ணன் வந்தார். குளத்து ஓரமாக அவருடைய பூமியில் நடந்து, செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு கீறிக்கொண்டே ரோடு வரைக்கும் போனார்.

"மூணடி. கேட்டியா, மூணடி. எனக்கு இந்தால ஒரு மதிலு கெட்டிரு. முற்றத்துக்குள்ள ஒருத்தரும் வரண்டாம். நீங்க அந்தால நடங்க."

இடைவெளிக்கு அப்பாலிருந்து மனைவி சொன்னாள். "மூணடியில சவம் திரும்பாது அத்தான்."

"இப்பம் ஆரு சாவப் போறா?"

"எல்லாரும் தான். வரிசையில்லாம போவணும்."

மைனி மறுபடியும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மூன்றடியும் நாலடி ஆகவில்லை.

வைத்த கற்களைப் பெயர்த்தேன், ரோட்டோர மதிலிலும் மூன்றடி திறந்தேன். அண்ணன் கோடு கீறிய இடத்தில் புதிய மதிலைக் கட்டினேன். இப்போது ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஒரு சந்து இருக்கிறது. மேற்குப் பக்கம் அண்ணனுடைய மதில், கிழக்குப் பக்கம் முன்பே நின்ற பழைய குளத்து மதில். குளத்தின் படித்துறைச் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிற இடத்தில் சந்து முறிந்து திரும்புகிறது. சைக்கிள் போகும், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். மனைவி தலையில் சாக்கு வைத்துக்கொண்டு போனால் எதிரே வருகிறவர் பின்னோக்கி நடந்து ரோட்டுக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து அதற்குள் நுழையும்போது எனக்கு மூச்சு கொஞ்சம் முட்டும். இரண்டு பக்கமும் கை தொடும் தூரத்தில் மதில், ஒன்று நான் கட்டியது.

"வழி இருந்தா அந்தச் சொல்லு வராதுல்லா?" என்று மகளிடம் கேட்டேன்.

"வராது அப்பா. வெளிய போவ முடியுதுல்லா."

"ஆனா மதிலு ரெண்டு பக்கமும் இருக்கு."

"இருந்தாலும்," என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கும் சில நாளு அந்தச் சொல்லு வரும்," என்றாள்.

அவள் இப்போது ஒரு தனியார் காலேஜில் வேலைக்குப் போகிறாள். காலையில் பையை முன்னால் அணைத்துக்கொண்டு சந்தில் நடப்பதைப் பார்ப்பேன். முதுகில் போட்டால் மதிலில் உரசும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அண்ணனுடைய மகன் கனடாவில் இருக்கிறான். அண்ணனையும் மைனியையும் அங்கே கூப்பிடுகிறான். வீட்டை விற்கப் போகிறார்கள். போன வாரம் வாங்குகிறவர் ஒருவர் காரில் வந்து பார்த்தார். நான் வேலை முடிந்து தூக்குவாளியோடு ரோட்டிலிருந்து சந்துக்குத் திரும்பும்போது, அவரும் அண்ணனும் கேட் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வந்தவர் சந்தைக் கையால் காட்டினார்.

"இது ஆருக்குள்ளது? நம்ம அளவுல வருமா?"

"அது கெடக்கட்டு," என்றார் அண்ணன். "உள்ள வாங்க, கெணத்தப் பாக்கலாம். கோடையிலயும் வத்தாத வெள்ளம்."

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அந்த மூன்றடி எங்கேயும் பதியப்படவில்லை. அது அண்ணனுடைய வாயில் இருக்கிறது, என் வாயில் இருக்கிறது. அண்ணன் வாய் கனடாவுக்குப் போகப் போகிறது. வந்தவர் கேட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். தூக்குவாளியைக் கீழே வைத்தேன்.

"அது எங்களுக்குள்ள வழியாக்கும்," என்றேன்.

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வந்தவர் திரும்பினார்.

"நீங்க ஆரு?"

"பின்னால உள்ள வீடு."

"டாக்குமெண்டுல உண்டா?"

"இல்ல. நடக்கோம்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை, முதல் தடவையைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"இந்த மதில நாந்தான் கெட்டுனேன். வழி விட்டுக் கெட்டச் சொன்னாவ. விட்டுக் கெட்டுனேன்."

வந்தவர் "செரி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் போனார். செரி என்றால் என்ன செரி என்று தெரியவில்லை. இதுவரை அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை. அண்ணன் அன்று சாயங்காலம் சந்து முனைக்கு வந்து நின்று கூப்பிட்டார்.

"ஏம்லே அப்பம் வந்து பேசுன? வெல கொறையும்லா."

"கேட்டாரு."

"அவரு என்கிட்டயில்லா கேட்டாரு."

நான் தலையை ஆட்டவில்லை. அவர் வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் இன்னொருவர் பார்க்க வருகிறாராம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கப் போகிறேன். வருகிறவரிடமும் இதையே சொல்ல வேண்டும். அதற்குள் வார்த்தை மாறிப் போகாமல் இருக்கத்தான் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

எழுதியது ஆவணி மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.